கிழக்கு மாகாண சபை 2012: ஒரே தேர்தல், இரண்டு அரசாங்கங்கள்

2012இல் நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11 ஆசனங்களையும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றிருந்தும் அவை சேர்ந்து ஏன் ஆட்சி அமைக்கவில்லை? புதிய தேர்தல் எதுவும் நடக்காமலேயே 2015இல் அதே இரு கட்சிகளும் ஒரே அமைச்சர் வாரியத்தில் எப்படி அமர்ந்தன? இவ்வளவு தடுமாற்றத்துக்கும், வாக்கு அளவுக்கேற்ப ஆசனங்களைப் பங்கிடும் விகிதாசாரத் தேர்தல் முறைதானே காரணம்? இவையே கேட்கப்பட்ட கேள்விகள். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. விகிதாசார முறை தனக்கு இடப்பட்ட வேலையை ஏறத்தாழச் சரியாகவே செய்தது. வாக்குகள் ஆசனங்களாக மாறிய பிறகு, ஆசனங்கள் அரசாங்கமாக மாறும் கட்டத்தில்தான் கோளாறு இருந்தது. அந்தக் கட்டத்துக்கு இலங்கையின் சட்டத்தில் விதிகள் மிகக் குறைவு. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கிழக்கு மாகாணம் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மூன்று மாவட்டங்களைக் கொண்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாகாண மக்களில் தமிழர் ஏறத்தாழ 40 வீதம், முஸ்லிம்கள் ஏறத்தாழ 37 வீதம், சிங்களவர் ஏறத்தாழ 23 வீதம். எந்தச் சமூகமும் தனித்துப் பெரும்பான்மை அல்ல. எந்த இரண்டு சமூகங்கள் சேர்ந்தாலும் பெரும்பான்மை கிடைத்துவிடும். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழியாக வடக்குடன் இணைக்கப்பட்டிருந்த இம்மாகாணம், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்த பின் 2007 ஜனவரி முதல் தனி மாகாணமானது. தனி மாகாணத்துக்கான முதல் தேர்தல் 2008 மே மாதம் நடந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு (இனிக் கூட்டமைப்பு) போட்டியிடவில்லை. அப்போது மத்தியில் ஆட்சியிலிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு (இனிச் சுதந்திரக் கூட்டமைப்பு என்கிறேன்) 37இல் 20 ஆசனங்களைப் பெற்றது. சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். அந்தச் சபை பதவிக்காலம் முடிவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே 2012 ஜூனில் கலைக்கப்பட்டு, செப்டெம்பர் 8ஆம் திகதி புதிய தேர்தல் நடந்தது. மாகாணத்தின் மூன்று சமூகங்களின் முக்கிய கட்சிகளும் களத்தில் நின்ற முதல் மாகாண சபைத் தேர்தல் இதுதான். அதனால்தான் இதை நுணுகிப் பார்ப்பது பயனுள்ளது.

முடிவு இப்படி வந்தது. வெற்றிலைச் சின்னத்தில் நின்ற சுதந்திரக் கூட்டமைப்புக்கு 2,00,044 வாக்குகள், 31.58 வீதம். வீட்டுச் சின்னத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பெயரால் நின்ற கூட்டமைப்புக்கு 1,93,827 வாக்குகள், 30.59 வீதம். மரச் சின்னத்தில் தனித்து நின்ற முஸ்லிம் காங்கிரஸுக்கு 1,32,917 வாக்குகள், 20.98 வீதம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 74,901 வாக்குகள், 11.82 வீதம். திருகோணமலையில் மட்டும் தடம் பதித்த தேசிய சுதந்திர முன்னணிக்கு 9,522 வாக்குகள். ஆசனங்கள் முறையே 14, 11, 7, 4, 1.

இந்த ஆசனங்கள் எப்படிக் கணக்கிடப்பட்டன என்பதைத் திருகோணமலையை வைத்துப் பார்க்கலாம். கணக்கு முழுவதும் மாவட்ட அளவில் நடக்கிறது. திருகோணமலைக்கு 10 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். அதைப் பத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 15,265 வாக்குகள். தமிழரசுக் கட்சி பெற்ற 44,396 வாக்குகளில் இந்த எண் இரண்டு முறை அடங்குகிறது. எனவே இரண்டு முழு ஆசனங்கள், கையில் ஏறத்தாழ 13,900 மிச்சம். சுதந்திரக் கூட்டமைப்பின் 43,324 வாக்குகளுக்கும் இரண்டு முழு ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸின் 26,176க்கு ஒன்று, ஐக்கிய தேசியக் கட்சியின் 24,439க்கு ஒன்று. இப்படி ஆறு ஆசனங்கள் பங்கிடப்பட்டுவிட்டன. எஞ்சிய நான்கும் அதிக மிச்ச வாக்கு வைத்திருக்கும் கட்சிகளுக்கு வரிசைப்படி போகும். முதல் மூன்று மிச்சங்கள் தமிழரசு, சுதந்திரக் கூட்டமைப்பு, முஸ்லிம் காங்கிரஸ் ஆகியவற்றுடையவை. நான்காவது இடத்துக்கு ஐக்கிய தேசியக் கட்சியின் மிச்சமான சுமார் 9,170 வாக்குகளும், ஒரு முழு ஆசனமும் பெறாத தேசிய சுதந்திர முன்னணியின் 9,522 வாக்குகளும் போட்டியிட்டன. சுமார் 350 வாக்கு வித்தியாசத்தில் அந்த ஆசனம் பின்னதற்குப் போனது. கந்தளாய், சேருவில பக்கத்தில் ஒரு சில கிராமங்கள் வேறு மாதிரி வாக்களித்திருந்தால் சபையில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஐந்து பேர் இருந்திருப்பார்கள், தேசிய சுதந்திர முன்னணி இருந்தே இருக்காது.

மற்ற இரு மாவட்டங்களிலும் அதே கணக்குத்தான். மட்டக்களப்பின் 11 ஆசனங்களில் தமிழரசுக் கட்சி 1,04,682 வாக்குகளால் ஆறையும், சுதந்திரக் கூட்டமைப்பு 64,190 வாக்குகளால் நான்கையும், முஸ்லிம் காங்கிரஸ் 23,083 வாக்குகளால் ஒன்றையும் பெற்றன. அம்பாறை, அதாவது திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தின் 14 ஆசனங்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஐந்து, முஸ்லிம் காங்கிரஸுக்கு நான்கு, ஐக்கிய தேசியக் கட்சிக்கு மூன்று, தமிழரசுக்கு இரண்டு என்று பிரிந்தன. கட்சிக்குக் கிடைத்த ஆசனத்தில் எந்த வேட்பாளர் அமர்வார் என்பதை வாக்காளர் அளிக்கும் மூன்று விருப்பு வாக்குகள் தீர்மானிக்கின்றன. விருப்பு வாக்கு முறையால் ஒரே கட்சிப் பட்டியலில் இருப்பவர்களே ஒருவரையொருவர் வீழ்த்தப் பாடுபடும் நிலை உண்டாவது உண்மை. ஆனாலும் அது இங்கே கேட்கப்பட்டதற்கு வெளியே நிற்கும் விடயம்.

மூன்று மாவட்டங்களின் கூட்டுத்தொகை 35. மீதி இரண்டும் போனஸ் ஆசனங்கள். மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு இரண்டும் சேர்ந்தே போகும். சுதந்திரக் கூட்டமைப்புக்கும் தமிழரசுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 6,217 வாக்குகள். மாவட்டக் கணக்கில் 12க்கு 11 என்று நெருங்கி நின்ற இரண்டு கட்சிகளை 14க்கு 11 என்று விலக்கி வைத்தது இந்தப் போனஸ்தான். விகிதாசார முறையின் மீது எனக்கு உள்ள ஒரே கடுமையான குறை இதுவே. வாக்கு வீதத்துக்கும் ஆசன வீதத்துக்கும் இடையிலான ஒழுங்கை இது காரணமின்றிக் கெடுக்கிறது. 31.58 வீத வாக்குக்கு 37.8 வீத ஆசனமும், 30.59 வீத வாக்குக்கு 29.7 வீத ஆசனமும் கிடைத்ததை வேறு எப்படியும் நியாயப்படுத்த முடியாது.

அப்படியிருந்தும், "போனஸ் ஆசனம்தான் ஆட்சியைத் தீர்மானித்தது" என்று அன்று பலர் சொன்னது சரியல்ல. கணக்கைப் பாருங்கள். 37 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 19 தேவை. சுதந்திரக் கூட்டமைப்பும், மத்தியில் அதன் பங்காளியான தேசிய சுதந்திர முன்னணியும் சேர்ந்தால் 15. தமிழரசும், மத்தியில் எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் சேர்ந்தால் அதுவும் 15. நடுவில் முஸ்லிம் காங்கிரஸின் 7. அந்த ஏழு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு 22. இப்போது போனஸ் இரண்டும் தமிழரசுக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்: தமிழரசும் ஐக்கிய தேசியக் கட்சியும் சேர்ந்து 17, மறுபக்கம் 13, இரண்டாலும் முஸ்லிம் காங்கிரஸ் இல்லாமல் 19ஐத் தொட முடியாது. எந்த வழியில் போனாலும் திறவுகோல் முஸ்லிம் காங்கிரஸின் கையில்தான் இருந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு வாக்குப் பெற்ற கட்சி ஆட்சியைத் தீர்மானிப்பது அநியாயம் என்று சிலர் கருதுகிறார்கள். மற்ற இரு பெரிய கட்சிகளும் ஒன்றோடொன்று சேர மறுப்பதால்தான் மூன்றாவது கட்சிக்கு அந்தப் பலம் கிடைக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சுதந்திரக் கூட்டமைப்பும் தமிழரசும் சேர்ந்தால் 25. போர் முடிந்து மூன்று ஆண்டுகளே கடந்திருந்த அந்தச் சூழலில் அது நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தது என்பது வேறு. கணக்கு அதைத் தடுக்கவில்லை.

வாக்கெடுப்பு முடிந்து முதலமைச்சர் பதவியேற்க எடுத்த பத்து நாட்கள்தான் இந்த விடயத்தின் நடுநாயகம். கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன், தமது கட்சிக்கு நான்கு ஆசனங்கள் அதிகமாக இருந்தபோதும் முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தார். கூட்டணி அரசியலில் சிறிய பங்காளிக்குத் தலைமைப் பதவியைக் கொடுப்பது சாதாரணமான சலுகை அல்ல. முஸ்லிம் காங்கிரஸ் அதை ஏற்காமல் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஆதரவளித்தது. செப்டெம்பர் 18ஆம் திகதி சுதந்திரக் கூட்டமைப்பின் திருகோணமலை மாவட்ட உறுப்பினர் நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

இதைத் துரோகம் என்ற ஒற்றைச் சொல்லால் கடந்து போவது எளிது; அதனால் எதுவும் விளங்காது. முஸ்லிம் காங்கிரஸ் மாகாணத்தில் தனித்து நின்றாலும் மத்தியில் அரசாங்கத்தின் பங்காளி. அதன் தலைவர் ரவூப் ஹக்கீம் அப்போது நீதி அமைச்சர். மாகாணத்தில் எதிரணியோடு சேர்ந்தால் மத்தியில் பதவி போகும். அது மட்டுமல்ல, ஏழு உறுப்பினர்களில் சிலர் அரசாங்கத்தின் பக்கம் இழுக்கப்பட்டுக் கட்சியே பிளவுபடும் அபாயம் இருந்தது. இவ்வாறான பிளவுகளை அந்தக் கட்சி அதற்கு முன் பல முறை அனுபவித்திருந்தது. சுதந்திரக் கூட்டமைப்பில் இருந்த ரிசாத் பதியுதீன், ஏ. எல். எம். அதாவுல்லா ஆகிய இருவருமே முன்னாள் முஸ்லிம் காங்கிரஸ்காரர்கள். மாகாண சபையின் பணம் பெரும்பாலும் மத்தியிலிருந்தே வருகிறது. ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுகிறார். மத்தியை எதிர்த்து நிற்கும் ஒரு மாகாண அரசாங்கம் வீதி போடுவதற்கும் ஆசிரியர் நியமிப்பதற்கும் மத்தியின் வாசலிலேயே காத்திருக்க வேண்டும் என்ற கணிப்பு பிழையானதல்ல. இவற்றோடு 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த, விடுதலைப் புலிகள் செய்ததாகக் கருதப்படும் படுகொலைகளின் நினைவு கிழக்கு முஸ்லிம்களின் மனத்தில் ஆறாமல் இருந்தது. கூட்டமைப்போடு ஒரே அரசாங்கத்தில் அமர்வது அவர்களில் பலருக்கு எளிதான முடிவாக இருந்திருக்க முடியாது. தமிழ் வாசகர்கள் இதை நேர்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டதால் முஸ்லிம்களிடையே அரசாங்கத்தின் மீது எழுந்த கோபமே அந்தத் தேர்தலில் மரச் சின்னத்தின் பிரசாரத்துக்கு உயிர் கொடுத்தது. அந்தக் கோபத்தை வாக்காக அளித்தவர்கள், பத்து நாட்களுக்குள் தமது வாக்கு அதே அரசாங்கத்தின் மாகாண ஆட்சியைத் தாங்கி நிற்பதைக் கண்டார்கள். கூட்டணி என்பது தேர்தலுக்குப் பிறகு பேசி முடிவெடுக்கும் விடயம்தான்; ஆனாலும் எந்தத் திசையில் பேசுவோம் என்பதை வாக்காளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை கட்சிகளுக்கு உண்டு. விகிதாசார முறையில் பழகிய மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே தம் கூட்டணி விருப்பத்தை அறிவிக்கின்றன. தேர்தலுக்குப் பின் உடன்பாட்டை எழுதிப் பகிரங்கமாக வெளியிடுகின்றன. ஜேர்மனியின் மாநிலங்களில் அந்த ஆவணம் நூறு பக்கங்களைத் தாண்டுவது வழமை. கிழக்கில் அப்படி எதுவும் மக்களின் பார்வைக்கு வரவில்லை. முதல் இரண்டரை ஆண்டு சுதந்திரக் கூட்டமைப்புக்கும் அடுத்த இரண்டரை ஆண்டு தமக்கும் முதலமைச்சர் பதவி என்று உடன்பாடு இருந்ததாக முஸ்லிம் காங்கிரஸ் வலியுறுத்தியது. வாக்காளர் கையில் எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு தாளும் இருக்கவில்லை.

அமைந்த அமைச்சர் வாரியத்தைப் பாருங்கள். மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முதலமைச்சரோடு நான்கு பேருக்கு மேல் அமைச்சர்களாக இருக்க முடியாது. ஆக ஐந்து பேர். மஜீத்தோடு முஸ்லிம் காங்கிரஸிலிருந்து எம். ஐ. எம். மன்சூரும் ஹாபிஸ் நஸீர் அஹமட்டும், சுதந்திரக் கூட்டமைப்பிலிருந்து எம். எஸ். உதுமாலெப்பையும் விமலவீர திசாநாயக்கவும் அமைச்சர்களானார்கள். மாகாணத்தின் மிகப் பெரிய சமூகமான தமிழரிலிருந்து ஒருவரும் இல்லை. முந்தைய முதலமைச்சர் சந்திரகாந்தன் ஆளும் தரப்பு உறுப்பினராக இருந்தும் வாரியத்துக்குள் வரவில்லை. வாக்குகளை ஆசனங்களாக மாற்றும்போது தமிழரசின் 1,93,827 வாக்குகளுக்கு 11 ஆசனங்கள் என்று ஓரளவு நியாயம் செய்த முறை, நிறைவேற்று அதிகாரத்துக்கு வந்ததும் அந்த வாக்குகளுக்கு எதுவும் தரவில்லை. போருக்குப் பிறகு காணி, மீள்குடியேற்றம், பாடசாலை என்று மாகாண நிருவாகத்திடம் மிக அதிகமான தேவைகளை வைத்திருந்த மக்கள்தான் வாரியத்துக்கு வெளியே நின்றார்கள். இதை நான் மிகப் பெரிய குறைபாடாகக் காண்கிறேன்.

அடுத்தது 2015. அவ்வாண்டு ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றார். முஸ்லிம் காங்கிரஸ் அதற்கு முன்னரே மகிந்த ராஜபக்சவின் அணியை விட்டு விலகியிருந்தது. கூட்டமைப்பும் சிறிசேனவையே ஆதரித்தது. மத்தியில் காற்று திசை மாறியதும் மாகாண சபையிலும் உறுப்பினர்களின் நிலைப்பாடுகள் மாறின, அதே 37 பேரை வைத்துக்கொண்டே. முதலமைச்சர் பதவி தமக்கே உரியது என்று கூட்டமைப்பு கோரியது. புதிய கூட்டில் பெரிய கட்சி என்ற அடிப்படையில் அது நியாயமான கோரிக்கை. முஸ்லிம் காங்கிரஸ் இரண்டரை ஆண்டு உடன்பாட்டைக் காட்டியது. பேச்சுவார்த்தை முறிந்து, பெப்ரவரி 6ஆம் திகதி ஹாபிஸ் நஸீர் அஹமட் ஆளுநர் ஒஸ்டின் பெர்னாண்டோ முன்னிலையில் முதலமைச்சரானார். கூட்டமைப்புக்குள் கடும் மனக்கசப்பு எழுந்தது. ஆனாலும் சில வாரங்களில் அது அமைச்சர் வாரியத்தில் இணைய முடிவு செய்தது: கி. துரைராஜசிங்கம் விவசாய அமைச்சராகவும், அதுவரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சி. தண்டாயுதபாணி கல்வி அமைச்சராகவும் பதவியேற்றார்கள். சுதந்திரக் கூட்டமைப்பின் முக்கிய கட்சியான ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஆரியவதி கலப்பத்தியும் வாரியத்தில் இடம்பெற்றார். மூன்று சமூகங்களும், தேர்தலில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மூன்று அணிகளும் ஒரே வாரியத்தில் அமர்ந்த அரசாங்கம் இது.

2012இல் சம்பந்தன் கொடுக்க முன்வந்ததை விடக் குறைவாகவே 2015இல் முஸ்லிம் காங்கிரஸ் கூட்டமைப்புக்குக் கொடுத்தது என்று அன்று எழுந்த குறை உண்மைதான். இருந்தாலும் அந்த நிலையில் கூட்டமைப்பு உள்ளே போனது சரியான முடிவு என்பதே என் கருத்து. வெளியே நின்றிருந்தால் எஞ்சிய இரண்டரை ஆண்டும் கல்வியும் விவசாயமும் வேறு கைகளில் இருந்திருக்கும். கிழக்குத் தமிழரின் அன்றாட வாழ்க்கையில் இந்த இரண்டும் எவ்வளவு பெரியவை என்பதைப் மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையிலோ வாகரையிலோ வாழ்பவர்களிடம் கேட்டால் தெரியும். அந்த வாரியம் பெரிய சாதனைகளைச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. மாகாண சபை இயற்றும் நிதி தொடர்பான நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் விதப்புரை தேவை, மாகாண பொதுச் சேவையின் மீதும் அவருக்குப் பெரிய பிடி உண்டு. ஐந்து அமைச்சர்கள் நினைத்தால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. ஆனால் மூன்று சமூகத்தினரும் ஒரே மேசையில் அமர்ந்து மாகாண வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற முடிந்தது என்பதே கிழக்கின் வரலாற்றில் சிறிய விடயமல்ல.

ஒரு தேர்தலிலிருந்து இவ்வளவு வேறுபட்ட இரண்டு அரசாங்கங்கள் பிறக்க இடம் கொடுத்தது எது? அரசியலமைப்பின் 154ஊ உறுப்புரை. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால் அக்கட்சியின் தலைவரை ஆளுநர் முதலமைச்சராக நியமித்தே ஆக வேண்டும். அப்படி இல்லாதபோது, பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவைப் பெறக்கூடியவர் என்று ஆளுநர் கருதுகின்ற உறுப்பினரை நியமிக்க வேண்டும். "ஆளுநர் கருதுகின்ற" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சபை கூடி வாக்களித்து முதலமைச்சரைத் தெரிவு செய்வதில்லை. கட்சிகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைக்குக் கால வரையறை இல்லை. உடன்பாட்டை எழுத்தில் வைக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஜனாதிபதியின் பிரதிநிதியான ஆளுநருக்கு முன்னால் யார் முதலில் 19 கையெழுத்துகளோடு போய் நிற்கிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஜனாதிபதி மாறும்போது மாகாண ஆட்சியும் மாறியதில் ஆச்சரியமில்லை. ஒற்றை அங்கத்தவர் தொகுதி முறையில் தேர்தல் நடந்து எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு சபை வந்திருந்தாலும் இதே உறுப்புரைதான், இதே ஆளுநர்தான், இதே பேரம்தான்.

வேறு வழிகள் உண்டா என்று கேட்டால், வட அயர்லாந்தைச் சொல்வேன். அங்கே 1998 அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு பெரும்பாலான அமைச்சர் பதவிகள் பேரத்தால் பங்கிடப்படுவதில்லை. டி ஹொண்ட் என்ற வகுத்தல் முறையால், கட்சிகளின் ஆசனப் பலத்துக்கு ஏற்பத் தாமாகவே பிரிகின்றன. ஒவ்வொரு கட்சியின் ஆசன எண்ணிக்கையையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுத்து, கிடைக்கும் எண்களில் பெரியவை எவையோ அவற்றுக்குப் பதவி. இதை 2012 கிழக்கின் ஐந்து பதவிகளுக்குப் பொருத்திப் பார்த்தேன். சுதந்திரக் கூட்டமைப்பின் 14, 7. தமிழரசின் 11, 5.5, முஸ்லிம் காங்கிரஸின் 7. இவையே முதல் ஐந்து எண்கள். அதாவது இரண்டு, இரண்டு, ஒன்று. யாரும் யாரையும் கெஞ்சாமல், யாரும் யாருக்கும் துரோகம் செய்யாமல், தேர்தல் முடிந்த மறுநாளே மூன்று அணிகளும் உள்ள வாரியம் கணக்கிலேயே கிடைத்திருக்கும். 2015இல் இரண்டரை ஆண்டு கழித்து, பெரும் மனக்கசப்புக்குப் பின் வந்து சேர்ந்த நிலைக்கு இது மிக அருகில் இருக்கிறது. வட அயர்லாந்தின் நிருவாகம் 2017 தொடக்கம் மூன்று ஆண்டுகளும், மீண்டும் 2022 தொடக்கம் இரண்டு ஆண்டுகளும் முடங்கிக் கிடந்தது என்பதை மறைக்கக் கூடாது. அங்கே இரு தலைமைப் பதவிகளில் ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழக்கும் விதிதான் முடக்கத்துக்கு வழி செய்தது; பதவிப் பங்கீட்டுக் கணக்கு அல்ல. அந்த விதியை எடுத்துக்கொள்ளாமல் இந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

2012இல் தெரிவான சபை ஐந்தாண்டு காலத்தை முழுமையாக முடித்து 2017 செப்டெம்பர் இறுதியில் கலைந்தது. விகிதாசார முறை நிலையற்ற ஆட்சியைத் தரும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தனிக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த 2008 சபைதான் இடையில் கலைக்கப்பட்டது, தொங்கு சபை அல்ல. அதே செப்டெம்பரில் நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, பாதி உறுப்பினர் தொகுதி வாரியாகவும் பாதி உறுப்பினர் விகிதாசாரமாகவும் தெரிவாகும் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதிகளை வரைய வேண்டும். வரைந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லாமல் 139 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கான தொகுதிகளும் இல்லை. அதன் பிறகு கிழக்கு மாகாணம் தெரிவு செய்யப்பட்ட சபையின்றி, ஆண்டுக்கணக்கில் ஆளுநரின் கையிலேயே இருந்துவந்திருக்கிறது.

தேர்தல் முறையை மாற்றினால் பேரம் ஒழியும் என்ற நம்பிக்கையில் இந்தக் கலப்பு முறை கொண்டுவரப்பட்டது என்றால், 2018 பெப்ரவரியில் 60க்கு 40 என்ற கலப்பு முறையில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலே அதற்குப் பதில்: நாடெங்கும் ஏராளமான சபைகளில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், தவிசாளர் தெரிவில் அதே பேரங்கள் இன்னும் மோசமாக நடந்தன. கிழக்கில் அந்த முறையால் இழப்பு யாருக்கு என்பதையும் யோசிக்க வேண்டும். கல்முனை, காரைதீவு, ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில் என்று நீண்ட கரையோரத்தில் விட்டுவிட்டுச் சிதறிக் கிடக்கும் அம்பாறை மாவட்டத் தமிழர் 2012இல் தமிழரசுக்கு அளித்த 44,749 வாக்குகள், மாவட்டம் முழுவதும் ஒரே கணக்காக எண்ணப்பட்டதால்தான் முழு விலை பெற்றன. அதே வாக்குகள் தொகுதி எல்லைகளால் துண்டாடப்பட்டால் எத்தனை இடத்தில் முதலாவதாக வரும் என்பது எல்லையை வரைபவரின் கையில் இருக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தில் முஸ்லிம்களின் நிலையும், திருகோணமலையின் சில பகுதிகளில் சிங்களவரின் நிலையும் இதுதான். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் விகிதாசார முறைக்குத் திரும்ப அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு சாதாரண திருத்தச் சட்டம் போதும். அதற்கான தனிநபர் சட்டமூலத்தை அப்போது கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் 2019இலேயே முன்வைத்தார். போனஸ் ஆசனங்களை நீக்கி, முதலமைச்சர் நியமனத்துக்கு முன் சபையில் வாக்கெடுப்பை வைத்து, அந்தச் சட்டத்தின் கீழ் தேர்தலை நடத்துவதே கிழக்குக்கு இப்போது ஆகக் கூடுதலாகத் தேவைப்படுவது.